நாலாவது குரல்

சார் காரில் ஏறி உட்கார்ந்தால் முதலில் ஏசி அணையும். அடுத்து நான்கு கண்ணாடிகளும் மேலே ஏறும். காலை எட்டரை மணி, தூத்துக்குடி வெயில், வெளியே துறைமுகத்து லாரிகள் கிளப்புகிற நிலக்கரித் தூசி. உள்ளே நாங்கள் இட்லிச் சட்டியில் வைத்த மாதிரி வெந்துகொண்டு போவோம். ஏன் சார் இப்படி உயிரை வாங்குதீங்க என்று கேட்டால், ஏசி சத்தம் பாட்டைத் தின்றுவிடுகிறது என்பார். அதைச் சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது. பக்கத்தில் யாரோ உட்கார்ந்து நிஜமாகவே பாட்டைத் தின்றுகொண்டிருப்பதைப் பார்க்கிறவர் மாதிரிதான் சொல்வார்.

நான் அப்போது சாகுபுரத்தில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க். அவர் அதே கிளையில் அதிகாரி. ஓய்வு பெற இரண்டு மூன்று வருடம் பாக்கி இருந்தது. டவுனிலிருந்து கிளம்பி, கடற்கரைப் பக்கம் எங்கள் கேஷியர் ஜெசிந்தாவை ஏற்றிக்கொண்டு, முத்தையாபுரத்தில் எங்கள் கடை வாசலில் வந்து நிற்பார். ஹாரன் அடிக்க மாட்டார். நான்தான் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அசந்துவிட்டால் என் வீட்டுக்காரர் கடைக்குள்ளிருந்து, "ஏளா, ஒன் பாட்டு வண்டி வந்துட்டு" என்று சத்தம் கொடுப்பார். சாகுபுரத்தை ஒட்டின ஆறுமுகநேரி வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அந்த வேக்காட்டை நான் ஏன் பொறுத்துக்கொண்டேன் என்று.

ஆள் குட்டை. ஒடிசலான உடம்பு. அதற்குள்ளிருந்து வருகிற குரலை முதல் தடவை கேட்கிற யாரும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரல். ஆனால் அந்தக் குரலால் அவருக்குப் பெரிய பிரயோஜனம் கிடையாது. கவுன்டரில் அவர் எது சொன்னாலும் வாடிக்கையாளர்கள் "என்ன சார்?" என்று காதைப் பக்கத்தில் கொண்டு வருவார்கள். ஃபேன் சத்தத்திலும் பணம் எண்ணுகிற மெஷின் சத்தத்திலும் அவர் பேச்சு தரையோடு தரையாகப் போய்விடும்.

போனில் இன்னும் மோசம். அவர் மனைவி பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தார், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள. மத்தியானம் சாப்பாட்டு வேளையில் போன் வரும். "கேக்கல, சத்தமாப் பேசுங்க" என்கிற அந்தம்மாவின் குரல் எங்கள் மேஜை வரைக்கும் கேட்கும். இவர் பதிலுக்கு என்ன சொன்னார் என்பது பெங்களூருக்கும் கேட்காது, எங்களுக்கும் கேட்காது. ஒருநாள் போனை வைத்துவிட்டுத் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"போன்ல எலும்பு மட்டுந்தான் போவுது செல்வி. சதை இங்கனயே கெடந்துருது."

அந்தக் கார் ஒரு பழைய வெள்ளைக் கார். உப்புக்காற்றில் பெயின்ட் உரிந்து, வெளியே பார்க்கப் பரிதாபமாக இருக்கும். செலவெல்லாம் உள்ளே. கதவுகளுக்குள் தாரில் செய்த பாய் மாதிரி ஒன்றை ஒட்டியிருந்தார், தகடு அதிரக் கூடாதாம். அதனால் ஒவ்வொரு கதவும் எங்கள் லாக்கர் ரூம் கதவு கனம் கனத்தது. ஜெசிந்தா இரண்டு கையாலும் இழுத்துத்தான் சாத்துவாள். சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர். டிக்கி முழுக்க ஒரு மரப்பெட்டி, அதற்குள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர். முன்னால் சிடி போடுகிற பழைய பிளேயர். ப்ளூடூத் கிடையாது. பென் டிரைவ் செருக ஒரு பொந்துகூடக் கிடையாது.

அந்த மரப்பெட்டிக்காக அவர் எதை இறக்கி வைத்திருந்தார் என்பது, முக்காணிப் பாலத்தைத் தாண்டி டயர் பஞ்சர் ஆன அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. டிக்கியைத் திறந்தார், பார்த்தார், மூடினார். ஸ்டெப்னி வீட்டில் இருக்கிறது என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கிளையின் பணப்பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம், ஒன்று ஜெசிந்தாவிடம். இரண்டும் முக்காணியில் நிற்கின்றன. மேனேஜர் போனில் குதிக்கிறார். ஆத்தூரிலிருந்து பஞ்சர் கடைக்காரர் பைக்கில் வந்து சக்கரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். சார் என்ன செய்தார் தெரியுமா? சக்கரம் இருந்த இடத்தில் கல்லை அடுக்கி முட்டுக்கொடுத்துவிட்டு, வாழைத்தோப்பு ஓரமாக மூன்று சக்கரத்தில் நின்ற அந்தக் காருக்குள் ஏறி உட்கார்ந்து சிடியைப் போட்டார். என்ஜின் ஓடவில்லை, ரோட்டுச் சத்தம் இல்லை, இப்படி ஒரு சந்தர்ப்பம் தேடினாலும் கிடைக்காது, வாருங்கள் என்று எங்களையும் கூப்பிட்டார்.

தலையில் அடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். நான் அவருடைய பாட்டை முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

சினிமாப் பாட்டும் கேட்பார், கச்சேரியும் கேட்பார். அன்றைக்குப் போட்டது அவர்கள் கோவில் பாட்டு, சர்ச்சைத்தான் அவர்கள் கோவில் என்பார்கள். நாசரேத் பக்கத்துக் குடும்பம் அவர்களுடையது, பள்ளிக்கூடமும் கோவிலும்தான் தலைமுறை தலைமுறையாக. அங்கே பாடகர் குழுவில் எல்லோரும் ஒரே மாதிரி பாட மாட்டார்கள், நாலு குரலாகப் பிரித்துக்கொள்வார்கள். பெண்களில் பாதிப்பேர் மெட்டைப் பாடுவார்கள், பாதிப்பேர் அதற்குக் கொஞ்சம் கீழே வேறு ஒன்று பாடுவார்கள். ஆண்களிலும் அப்படி ரெண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் போகிற நாலாவது குரலுக்கு பேஸ் என்று பேர். சார் பேஸ். பள்ளிக்கூடத்தில் குரல் உடைந்த வருடத்திலிருந்து பேஸ்.

"மேல எல்லாருக்கும் கேக்கும். கீழ கேளுங்க" என்றார்.

எனக்கு மெட்டு மட்டும்தான் கேட்டது. எந்தக் கீழே என்று கேட்டேன். காதால் தேட வேண்டாம், சீட்டில் சாய்ந்து உட்காருங்கள் என்றார். சாய்ந்தேன். முதுகில் என்னவோ நகர்ந்தது. மெட்டு மேலே ஏறும்போது அது கீழே இறங்கியது. மெட்டு ஓரிடத்தில் இழுத்துக்கொண்டு நின்றால் அது அடியில் நடந்துகொண்டிருந்தது. ஒருதரம் பிடிபட்ட பிறகு அதை விட முடியவில்லை. மெட்டு போனால் போகட்டும் என்று அதன் பின்னாலேயே போனேன். அவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கெடச்சுட்டு" என்றார். எழுதினது நான், பாஸானது அவர் என்கிற மாதிரி ஒரு சந்தோஷம் அந்த முகத்தில்.

ஜெசிந்தா பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் எப்போதுமே அப்படித்தான். வீட்டுக்காரர் படகு வைத்திருக்கிறவர், விடிகிறதற்கு முன்னால் அவரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு வருகிறவள். கார் பழையகாயல் தாண்டுவதற்குள் வாயைத் திறந்துவிடுவாள். சாருக்கு அதில் வருத்தம் இல்லை. தூங்குகிறவர்கள் பேச மாட்டார்கள் அல்லவா.

பேசுகிறவர்களைத்தான் அவரால் தாங்க முடியாது. கொஞ்ச நாள் சுரேஷ் என்று புதிதாக வேலைக்கு வந்தவர் எங்களோடு வந்தார். நல்ல மனிதர், கலகலப்பானவர். ஆயிரம் பாட்டு இருக்கிறது என்று ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து சாருக்குப் பரிசாகக் கொடுத்தார். சார் அதை வாங்கி நகத்தால் தட்டிப் பார்த்தார். இத்தனூண்டு டப்பாவுக்குள் ஆயிரம் பாட்டை அடைக்க வேண்டுமென்றால் எதையாவது வெளியே தூக்கிப் போட்டுத்தானே ஆக வேண்டும், முதலில் எதைப் போட்டிருப்பான் என்று நினைக்கிறாய் என்று கேட்டார். சுரேஷும் விடவில்லை. பென் டிரைவிலும் பாட்டை முழுசாக வைக்கலாம் சார் என்றார். சார் ஒத்துக்கொண்டார். "வைக்கலாம். நீ அப்படியா வச்சுக் கொண்டாந்திருக்க?" என்றார். சுரேஷுக்கு முகம் செத்துவிட்டது. அடுத்த மாதம் பைக் வாங்கிக்கொண்டார். மேனேஜர் ஒரே ஒரு நாள் வந்தார், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டதில் அப்புறம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. ரோடு குண்டும் குழியுமாக இருக்கிற இடத்தில் சிடி துள்ளும் என்று மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டுவார். பின்னால் வருகிற லாரிக்காரர்கள் எங்கள் மூன்று பேருடைய குடும்பத்தையும் விசாரித்துக்கொண்டே தாண்டிப் போவார்கள்.

ஆக, கடைசியில் மிஞ்சியது தூங்குகிற ஒருத்தியும் நானும்தான்.

சாயங்காலம் எங்களை இறக்கிவிட்டதும் அவர் நேரே வீட்டுக்குப் போக மாட்டார். வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஒருநாள் என் வீட்டுக்காரர் சரக்கு எடுத்துவிட்டு உப்பளம் வழியாக வந்தபோது, கண்ணாடி எல்லாம் ஏற்றின கார் ஒன்று தனியாக நிற்பதையும் உள்ளே சார் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறார். பதறிப்போய், உடம்புக்கு என்னமும் செய்கிறதோ என்று கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். சார் கண்ணைத் திறந்து, உதட்டில் விரலை வைத்து, ஒரு நிமிஷம் என்று கை காட்டிவிட்டு மறுபடி மூடிக்கொண்டாராம். பாட்டு முடிந்த பிறகுதான் கண்ணாடியை இறக்கி, "வாங்க அண்ணாச்சி, சொகமா?" என்று கேட்டாராம். வீட்டுக்காரர் வந்து என்னிடம் சொன்னபோது இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவரே, பாவம்ளா அந்த மனுஷன், என்றார்.

சாருடைய கோவிலில் அவரோடு பேஸ் பாடியவர் ஒரு ஹெட்மாஸ்டர். இரண்டு பேரும் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடியவர்கள். அந்த ஹெட்மாஸ்டர் மகனோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். பேஸ் தனியாகப் பாடுகிற குரல் இல்லை என்று சார் சொல்வார். மெட்டை ஒருத்தர் பாடினாலும் பாட்டுத்தான், நாலாவது குரலை ஒருத்தர் பாடினால் அது முனகல் மாதிரி இருக்கும், பக்கத்தில் இன்னொருத்தன் அதே ஸ்வரத்தில் நிற்கும்போதுதான் அது தரையாகும் என்பார். ஹெட்மாஸ்டர் போனபிறகு அந்த வரிசையில் பேருக்கு ஆட்கள் இருந்தார்கள். எல்லாம் இளவட்டங்கள், சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறவர்கள், கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் வந்து நிற்பார்கள். குரல் நல்ல குரல்தான், பாட்டுத்தான் படிந்திருக்காது.

அவருக்கு அது இங்கே கடைசிக் கிறிஸ்மஸ். சித்திரையில் ஓய்வு, அடுத்து பெங்களூர், மகள் வீடு. ஆசை என்று அவர் வாயைத் திறந்து சொல்லி நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த வருடம் நாலு குரலில் அமைந்த ஒரு பெரிய பாட்டை எடுத்திருந்தார்கள். அதில் நாலாவது குரலுக்கு நல்ல நடை. "போறதுக்கு முன்னாடி ஒரு தடவ, பக்கத்துல ஒருத்தன் நின்னு எங்கூட அதப் பாடிட்டாப் போதும் செல்வி" என்றார். ஓய்வுப் பணத்தைப் பற்றிக்கூட அந்த மனிதர் அவ்வளவு கவலையாகப் பேசிக் கேட்டதில்லை.

பாடகர் குழுவை நடத்துகிறவர் முப்பது வயது இளைஞர், சென்னையில் வேலை. ஆட்கள் ஆளுக்கொரு ஊரில் இருப்பதால், நாலு குரலையும் கீபோர்டில் சேர்த்து வாசித்துப் பதிவு பண்ணி, செல்போன் குரூப்பில் போட்டுவிட்டார். அவரவர் அவரவர் குரலைக் கேட்டுப் படித்துக்கொண்டு வர வேண்டும். வசதியான ஏற்பாடு. வேறு வழியும் இல்லை.

மறுநாள் காரில் ஏறியதும் சார் போனை எடுத்து எங்களுக்கு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினார். அன்றைக்கு ஜெசிந்தாகூட விழித்துக்கொண்டிருந்தாள். கீழே என்ன கேட்கிறது என்று கேட்டார். எவ்வளவு உற்றுக் கேட்டும் கீழே ஒன்றும் இல்லை. மெட்டு இருந்தது, அதற்கடுத்த இரண்டும் சன்னமாக இருந்தன. நாலாவது அடியோடு இல்லை. பிறகு சிடியைப் போட்டார். அதே பதிவுதான், அந்த இளைஞரிடம் முழுசாகக் கேட்டு வாங்கி சிடியில் பதிந்தது. காரின் தரை அதிர்ந்தது. ஜெசிந்தா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டாள். "கால் கூசுது சார்" என்றாள்.

"அந்தச் சின்ன ஸ்பீக்கர் இவ்வளவு கீழ எறங்காது. அப்போ பேஸ் பாடுதவன் எதைக் கேட்டுப் படிப்பான்?"

இயர்போன் மாட்டினால் கேட்கும்தானே என்றேன். கேட்கும், கொஞ்சம் கேட்கும் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் எவன் மாட்டுகிறான், போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பல் தேய்க்கும்போது கேட்கிறான்கள், என்றார்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. குரூப்பில் நீளமாக ஒன்று எழுதிப் போட்டார். பேஸ் பாடுகிறவர்கள் எப்போது ஊருக்கு வந்தாலும் தன்னிடம் சொல்ல வேண்டும், கோவில் வளாகத்தில் கார் நிற்கும், நாலு நாலு பேராக உள்ளே உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகலாம். முதல் சனிக்கிழமை, வார விடுமுறைக்கு வந்த இரண்டு பேர் போயிருக்கிறார்கள். ஏசி கிடையாது, கண்ணாடி திறக்கக் கூடாது. முதல் சரணம் முடிவதற்குள் ஒருவர், அங்கிள் வேர்த்து ஊத்துது, வெளிய நின்னு கேக்கலாமா என்று கேட்டிருக்கிறார். வெளியே நின்று கேட்பதற்கு எதற்குக் கார் என்று இவர் சொல்லியிருக்கிறார். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை துணி எடுக்க டவுனுக்குப் போயிருந்த நான், கோவில் பக்கமாக வரும்போது அந்த வெள்ளைக் காரைப் பார்த்தேன். வேப்பமரத்து நிழலில் நின்றது. உள்ளே சார் மட்டும். கதவைத் திறந்து உட்கார்ந்தேன். மத்தியானத்திலிருந்து காத்திருக்கிறாராம். போனைக் காட்டினார். அவர் எழுதியதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல் படம். அஞ்சு பேர் போட்டிருந்தார்கள். அதை எல்லோரும் வருவதாக ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கடையில் எல்லோருக்கும் மக்ரூன் வாங்கி டேஷ்போர்டில் வைத்திருந்தார்.

"பார்த்துட்டேன்னு அர்த்தம் சார் அது. வாரேன்னு இல்ல" என்றேன்.

"கட்டைவெரல் காட்டிட்டு வராம இருப்பானுவளா?" என்றார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்மேல்தான். நீங்களே அந்த நாலாவது குரலைப் பாடிப் பதிவு பண்ணி அனுப்பினால் என்ன சார், உங்கள் குரல் முழுசாகப் போகாவிட்டாலும் எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்றாவது தெரியும்தானே, கொஞ்சம் மேல் ஸ்தாயியில் பாடிக்கூட அனுப்பலாமே, உங்கள் வீம்புக்கு ஒரு அளவே கிடையாதா என்று படபடவென்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"கேட்டா முழுசாக் கேக்கட்டும். அரைகொறையாக் கேட்டுட்டு இதான் பேஸுன்னு நெனச்சுரக் கூடாதுல்லா" என்றார்.

ஒரு மக்ரூனை எடுத்துத் தின்றுகொண்டே அந்தப் பாட்டை அவரோடு இரண்டு தடவை கேட்டேன். வெளியே வரும்போது என் ஜாக்கெட் நனைந்திருந்தது. யாரும் வரவில்லை.

கிறிஸ்மஸை ஒட்டிக் கோவிலில் நடக்கிற பாட்டு ஆராதனைக்கு முந்தின நாள்தான் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். அன்று சாயங்காலம் ஒத்திகை. மறுநாள் காலையில் காரில் ஏறும்போதே அவர் முகம் சரியில்லை. சிடி ஓடவில்லை. சுருக்கமாகத்தான் சொன்னார். பேஸ் பாடுகிற அஞ்சு பேருக்கும் போனில் கீழே ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பாட்டு நன்றாகத் தெரியும், மெட்டு கேட்டதே. அந்த மெட்டையே தங்கள் குரலுக்கு இறக்கி, ஒரு பிசிறு இல்லாமல் படித்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். அதைத்தான் பேஸ் என்று நினைக்கிறார்கள். இவர் நடுவில் நிறுத்திச் சொல்லியிருக்கிறார். அவர்களும் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்களாம், இப்படித்தான் அங்கிள் படிச்சோம், இனிமே மாத்துனா கொழம்பிரும் என்று. நடத்துகிறவருக்கு இன்னும் ஏழு பாட்டு பாக்கி. போகட்டும் அங்கிள், நேரமில்லை என்றாராம்.

"அப்போ இன்னைக்கு என்ன சார் பண்ணப் போறீங்க?"

"நான் கீழதான் பாடுவேன். பக்கத்துல கேட்டுக்கிட்டே நின்னா ஒருத்தனாவது சேந்துக்கிடுவான்."

அன்று சாயங்காலம் ஜெசிந்தாவும் நானும் அவர்கள் கோவிலுக்குப் போனோம். அவர்தான் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார். கூட்டம் நிறைந்து, ஓரத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். வெள்ளை அங்கியில் அவர் இன்னும் குட்டையாகத் தெரிந்தார். ஆண்கள் வரிசையின் கோடியில் அவர், அவருக்கு அந்தப் பக்கம் உயரமான அஞ்சு பேர்.

பாட்டு ஆரம்பித்தது. அஞ்சு இளம் குரல்களும் கணீரென்று மெட்டைப் பாடின. அதற்குக் கீழே அவருடைய ஒற்றைக் குரல். காரில் தரை முழுக்க நிறைந்து வந்த அதே நடைதான், ஒரு ஸ்வரம் தவறவில்லை. ஆனால் இங்கே அது தரையாக இல்லை. எல்லோரும் ஒரு பக்கம் போகும்போது யாரோ ஒருவர் வழி தெரியாமல் வேறு பக்கம் போகிற மாதிரி இருந்தது. அவர் சொன்ன அந்த முனகல். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தார். நடத்துகிறவர் வலது கையால் தாளம் காட்டிக்கொண்டே, இடது கையை ஆண்கள் வரிசையின் கோடிப் பக்கம் மெல்லக் கீழே தாழ்த்தினார். குறைத்துக்கொள்ளுங்கள் என்று.

சார் குறைத்துக்கொண்டார், நிறுத்தவில்லை. பக்கத்தில் நின்ற இளைஞர் பக்கம் இலேசாகச் சாய்ந்தார். நான் எங்கே போகிறேன் கேள் என்று காட்டுகிற மாதிரி. அந்த இளைஞர் பாவம், நல்ல மனதோடுதான் செய்தார், தன் பாட்டு குழம்பிவிடக் கூடாதே என்று. கையைத் தூக்கி, சார் நின்ற பக்கம் இருந்த தன் காதை விரலால் அடைத்துக்கொண்டார்.

முதல் சரணம் அப்படி முடிந்தது. இரண்டாவது சரணம் தொடங்கியபோது நான் நாற்காலியில் சாய்ந்து தேடினேன். கீழே ஒன்றும் இல்லை. சார் வாய் அசைந்துகொண்டுதான் இருந்தது. அவரும் மெட்டைப் பாடிக்கொண்டிருந்தார், அந்த அஞ்சு பேரோடு ஆறாவதாக. பாட்டு ஒன்றுபோல, சுத்தமாகப் போனது. முன்னால் இருந்த அம்மா நிம்மதியாகத் தலையாட்டினார். அவ்வளவு பெரிய கோவில், அத்தனை பேர் பாடுகிறார்கள், எனக்கு மட்டும் போனில் கேட்கிற மாதிரி இருந்தது. எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்து என்ன சொல்லிக் கத்துவது?

அதற்குப் பிறகும் நாலு மாதம் அவரோடு அதே காரில் போய் வந்தேன். ஓய்வு பெற்று பெங்களூர் போனவரை அப்புறம் பார்க்கவில்லை. ஒன்றிரண்டு தடவை போன் பண்ணினேன், அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அவரை நினைத்தாலே எனக்கு வருவது, கோவிலிலிருந்து திரும்பி வந்த அந்த வழிதான்.

எங்களை அவர்தான் கொண்டுவிட்டார். பீச் ரோடு முழுக்க நட்சத்திர விளக்குகள், கூட்டம், பட்டாசு. நான் பின் சீட்டில் இருந்தேன். ஜெசிந்தாதான் முன்னால் உட்கார்ந்து சளசளவென்று பேசிக்கொண்டு வந்தாள். அவள் மனதில் ஒரு கள்ளமும் கிடையாது, அவரைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னாள்.

"ரொம்ப நல்லாருந்துச்சு சார். அந்தப் பெரிய பாட்டுல மட்டும் ஆரம்பத்துல யாரோ ஒருத்தரு தப்பாப் பாடுனாரு. பெறவு சரியாயிட்டு."

சார் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆமா ஜெசி. அது நான்தான்."

ஜெசிந்தா வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார்.